கண்ணாடிக்கு எட்டாத இடம்

குருமண்வெளித் துறையில் பாதைக்கு நிற்கும்போது
வெயில் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் பார்ப்பேன்.
காலையில் மேற்கே மண்டூருக்கு, முதுகில் வெயில்.
பின்னேரம் கிழக்கே வீட்டுக்கு, அப்போதும் முதுகில்.
பதினொரு வருடமாக இடமாற்றம் கேட்காததற்கு
வலயக் கல்வி அலுவலகத்தில்
என்னென்னவோ காரணம் எழுதியிருக்கிறேன்.
இதை எழுதியதில்லை.

பக்கவாட்டு வெளிச்சம் பொல்லாதது.
நேற்றுப் பிடுங்கிய இடத்தில்
இன்று தலைநீட்டுவதைக் காட்டிக்கொடுக்கும்.
ஒருநாள் சைக்கிளோடு நின்ற பொடியன்
மற்றவனுக்குக் கண்ணால் காட்டினான்.
நான் படிப்பித்த பிள்ளைகள்தான்.
கணக்கில் இரண்டு பேரும் ஏ.

மட்டக்களப்பில் ஸ்கான் எடுத்த டொக்டர்
சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்.
முத்து முத்தாய் ஏதோ இருக்காம் என்று
கேட்ட சனத்துக்குச் சொன்னது அம்மா.
"உடம்பைக் குறையுங்க, கலியாணம் முடிச்சாச் சரிவரும்."
முடிக்க வந்தவர்களுக்குக் கொடுத்த படத்தில்
களுவாஞ்சிக்குடி ஸ்டூடியோக்காரன்
என் மேலுதட்டை அழித்துத் திரும்ப வரைந்திருந்தான்.
நல்லாத்தான் இருந்தாள்.
அவளைப் பார்க்க வந்தவர்கள்
என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கஸ்தூரி மஞ்சள் பூசினேன், மஞ்சள் மீசை வந்தது.
கிரீம் தோலை எரித்தது, மயிரை விட்டுவிட்டது.
(வகுப்பில் சொல்ல முடியாத சொல்.
எனக்கு அது ஏச்சல்ல, உடைமை.)
அப்பாவின் ரேசரில் புது பிளேட் போட்ட அன்று
குளியலறைக் கதவுக்கு இரண்டு கொண்டி.
நாடி அவருடையது,
அதில் முளைப்பதும் அவருடையது,
ரேசரும் அவருடையதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மறுகாதான் சாமணம்.
கொம்பாஸ் பெட்டிக்குள்
கவராயத்துக்கும் பாகைமானிக்கும் நடுவில்.

தவணைப் பரீட்சையன்று
பாகைமானி தேடிப் பெட்டியை மேசையில் கொட்டியவள்
விஞ்ஞான டீச்சர் றினோஸா, மருதமுனைக்காரி.
சாமணத்தை எடுத்தாள்.
பார்த்தாள். வைத்தாள்.
பாகைமானியைக் கொண்டு போனாள்.

அடுத்த நாள் இடைவேளையில்
ஆய்வுகூடக் கதவைச் சாத்திவிட்டு,
"அதக் கொஞ்சம் தாங்களேன்கா" என்றாள்.
ஸ்கார்பின் ஊசிகளைக் கழற்றினாள்.
கழுத்துவரை, என்னுடையதை விட அடர்த்தி.
உங்களுக்கென்ன, மூடிக்கொள்ளலாம் என்று
நினைத்திருந்தேன் என்றேன்.
"மூடின இடந்தான் டீச்சர் கூட அரிக்கிற."

நாடிக்குக் கீழே ஒரு இடம் இருக்கிறது.
விரலுக்குத் தெரியும்,
எந்தக் கண்ணாடிக்கும் எட்டாது.
அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

அமிலப் போத்தல்களின் முன்னால்
ஸ்டூலில் அண்ணாந்து இருந்தேன்.
அவள் மூச்சில் ஏலக்காய்த் தேத்தண்ணி.
"அசையாதீங்க. ஒண்டு.
இன்னொண்டு இரிக்கி, கள்ளன்."
இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு வெளிச்சத்தில்
யாரும் என்னைப் பார்த்ததில்லை.
வலியில் கண்ணீர் வந்தது.
வலியில்தான்.
பிறகு நான் அவளுக்கு.

அதற்குப் பிறகு காலைப் பாதையில்
என்னைப் பார்த்துக் கதைப்பதற்காக
வெயிலுக்கு முகம் கொடுத்து நிற்பாள்.
வாவி நடுவில் பாதை கொஞ்சம் திரும்பும்.
நானும் கொஞ்சம் நகர்வேன்,
என் நிழல் அவள் நாடியில் விழும்படி.
அவள் கதையை நிறுத்தமாட்டாள்.

தை மாதம் அவளுக்கு ஊரோடு இடமாற்றம்.
வியாழக்கிழமைகளில் ஆய்வுகூடத்தில்
போத்தலொன்றில் போனைச் சாய்த்து
நாடியைத் தூக்கிக் காட்டுகிறேன்.
"இடது. இன்னும் கீழ. இல்லகா, உங்கட இடது."
மண்டூரில் சிக்னல் தன் பாட்டுக்கு வரும், போகும்.
"ஆ, அதான், அத..."

அறுந்தது.

கைக்கு அகப்பட்ட ஒன்றைப் பிடித்து இழுத்தேன்.
அதுவா, அதற்குப் பக்கத்திலிருந்ததா,
அடுத்த வியாழன் சொல்லுவாள்.